கடலடியில் உறைந்தது, கடல்தரையாக இருந்ததா? தார்வார் எரிமலைப் பாறைகளை வாசித்த மூன்று தலைமுறைகளின் வரலாறு

கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் மரடிஹள்ளி என்றொரு சிற்றூர் உண்டு. அதனருகே தரையில் தெரியும் கரும்பச்சைப் பாறை, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்ததுபோல் உருண்டு திரண்டிருக்கும். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. இங்கிருப்பவை ‘தலையணை லாவா’ எனப்படும் எரிமலைப் பாறைகள். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துடன் வெளிவரும் பசால்ட் குழம்பு நீரைத் தொட்டவுடன் அதன் புறத்தோல் கண்ணாடியாய் இறுகுகிறது. உள்ளே இன்னும் உருகிய நிலையிலுள்ள குழம்பு அத்தோலைப் பிளந்துகொண்டு அடுத்த மொட்டாய் வெளிப்படுகிறது. மொட்டின்மேல் மொட்டாக இப்படிக் குவிந்த அடுக்கே தலையணை லாவா. இன்றும் நடுக்கடல் முகடுகளில் இதே வடிவம் உருவாகிக்கொண்டிருக்கிறது. கடலிலிருந்து வெகு தொலைவில், வறண்ட தக்காணப் பீடபூமியின் நடுவே, இருநூற்று எழுபது கோடி ஆண்டுப் பழைமை கொண்ட பாறையில் அவ்வடிவத்தைக் காண்கிறோம்.

இதைக் காணும் மாணவர் பெரும்பாலும் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: “இது பழைய கடல்தரை.” அம்முடிவுக்குள் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. குழம்பு நீருக்கடியில் உறைந்தது என்பது முதற் கூற்று. அது பெருங்கடல் மேலோட்டின் ஒரு துண்டு, அதாவது இரு புவித்தட்டுகள் விலகிய இடத்தில் பிறந்து பின்னர் கண்டத்தோடு ஒட்டிக்கொண்ட தரை என்பது இரண்டாவது. முதற் கூற்றைத் தலையணை வடிவமே மெய்ப்பிக்கிறது. இரண்டாவதை அது மெய்ப்பிப்பதில்லை. கண்டத்தின் விளிம்பைக் கடல் மூடியிருந்தபோது அதன்மேல் வழிந்த குழம்பும் தலையணையாகவே உறையும். ஏரிக்குள் வழிந்தாலும் அப்படித்தான். தார்வார் நிலவியலின் ஏறத்தாழ நூற்று நாற்பதாண்டு வரலாற்றை, இந்த இரு கூற்றுகளும் மெல்ல மெல்லப் பிரித்தறியப்பட்ட வரலாறாக வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் கருத்து.

வரலாறு இராபர்ட் புரூஸ் ஃபுட்டிடம் தொடங்குகிறது. 1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவராகத் தமிழுலகம் அவரை அறியும். அவருடைய அன்றாடப் பணி நிலவியலே. 1880-களில் தென்னிந்தியாவின் கருமையான சிஸ்ட் பட்டைகளை ஒன்றாய்த் தொகுத்து, ‘தார்வார் தொகுதி’ என்று பெயரிட்டார். தென்னகத்தின் பொன் பெரும்பாலும் இப்பட்டைகளுக்குள்தான் இருக்கிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சுற்றிலும் பரந்து கிடக்கும் வெளிறிய நைஸ் பாறையே அடித்தளம் என்றும், தார்வார் பாறைகள் அதன்மேல் பின்னர் படிந்தவை என்றும் கருதினார். 1894-இல் மைசூர் அரசு தனக்கென ஒரு நிலவியல் துறையை அமைத்தபோது, அதன் முதல் தலைவராகவும் ஃபுட்டே பொறுப்பேற்றார்.

அவருக்குப்பின் அத்துறையை வழிநடத்திய டபிள்யூ. எஃப். ஸ்மீத் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். நைஸும் கிரானைட்டும் சிஸ்ட் பட்டைகளுக்குள் ஊடுருவியிருக்கும் இடங்கள் பலவற்றை அவரும் அவருடைய குழுவினரும் களத்தில் கண்டனர். ஊடுருவுவது இளையது, ஊடுருவப்படுவது மூத்தது. எனவே சிஸ்டுகளே மிகப் பழையவை என்று முடிவு செய்தார். மேலும் ஒரு படி சென்று, தார்வார் தொகுதியின் ஏறத்தாழ எல்லாப் பாறைகளும் தீப்பாறைகளின் உருமாற்றமே என்றார். கூழாங்கற்கள் ஒட்டித் திரண்டதுபோல் தோன்றும் பாறைகளைக்கூட, அழுத்தத்தால் நசுங்கி உடைந்த தீப்பாறைகள் என்றே அவருடைய பள்ளி விளக்கியது. பெங்களூர் லால்பாக் பூங்காவில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைக்குன்றுக்கு உரிய ‘தீபகற்ப நைஸ்’ என்ற பெயரும் 1916-இல் ஸ்மீத் வழங்கியதே. அக்குன்றும் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

ஸ்மீத்தின் கோட்பாட்டை இன்று எளிதில் தள்ளிவிடலாம். அன்றைய சூழலில் அது அறிவுக்கு ஒவ்வாததாக இருக்கவில்லை. கோலார்ப் பட்டையில் அவர்கள் கண்டவை பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் சிஸ்டுகளே. பசால்ட் குழம்பு புவிக்குள் புதையுண்டு, வெந்து, நசுங்கி, ஆம்பிபொலைட்டாக மாறியதன் விளைவு அவை. அங்கே தீப்பாறை என்ற முடிவு சரியானதே. ஒரு பட்டைக்குப் பொருந்திய விடையை எல்லாப் பட்டைகளுக்கும் நீட்டியதே கோளாறு.

அந்நீட்டிப்பைத் திருத்தியவர்கள் மைசூர் மண்ணிலேயே பயின்ற அடுத்த தலைமுறையினர். துறையின் பொறுப்பில் இருந்த பி. ராமராவ் 1930-களிலும் 1940-லும் வெளியிட்ட ஆய்வுகளில், தார்வார் பாறைகளில் கணிசமானவை நீரில் படிந்த படிவுகளே என நிறுவினார். குவார்ட்சைட்டுகளில் காணும் அலைத்தடங்களும் குறுக்குப் படுகைகளும் அதற்குச் சான்றாயின. பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய சி. எஸ். பிச்சமுத்து தார்வார்த் தலையணை லாவாக்களையும் அவற்றோடு தொடர்புடைய பாறைகளையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். இங்குதான் தலையணை வடிவம் வெறும் காட்சிப்பொருளாக இருந்த நிலை மாறி, அளவீட்டுக் கருவியாயிற்று. ஒவ்வொரு தலையணைக்கும் மேற்புறம் குவிந்திருக்கும். அடிப்புறம், கீழேயுள்ள இரு தலையணைகளின் இடுக்குக்குள் வால்போல் இறங்கியிருக்கும். ஆகவே, மடிப்புகளில் சிக்கிச் செங்குத்தாய் நிற்கும் அல்லது கவிழ்ந்து கிடக்கும் அடுக்கிலும் முன்பு எப்பக்கம் மேலே இருந்தது என்பதை அறியலாம். அடுக்கின் மேல்கீழ் தெரிந்தால்தான் முன்னது எது, பின்னது எது என்று சொல்ல இயலும். இவ்விவாதங்கள் தொடர்ந்து நடைபெற ஓர் அரங்கும் தேவைப்பட்டது. 1958-இல் பெங்களூரில் தோன்றிய இந்திய நிலவியல் கழகமும், பி. பி. ராதாகிருஷ்ணா நெடுங்காலம் கட்டிக்காத்த அதன் ஆய்விதழும் அவ்வரங்காயின.

ஃபுட் சொன்னதா, ஸ்மீத் சொன்னதா, எது சரி? 1970-களில் கிடைத்த விடை இருவருக்கும் பாதிப் பாதி நியாயம் வழங்கியது. சுவாமிநாத், ராமகிருஷ்ணன், விஸ்வநாதா ஆகிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவன அறிஞர்கள் 1976-இல் ஒரு புதிய வரிசையை முன்வைத்தனர். தார்வார் என்று ஒரே பெயரில் அடக்கப்பட்டவை உண்மையில் இரு தலைமுறைப் பாறைகள். ஒரு தொகுதி நைஸினும் மூத்தது. நைஸுக்குள் துண்டு துண்டாய்ச் சிக்கிக் கிடப்பது. மைசூர்ப் பகுதியிலுள்ள சர்கூரின் பெயரால் அது ‘சர்கூர் குழுமம்’ எனப்பட்டது. மற்றொரு தொகுதி நைஸ் உறைந்து, உயர்ந்து, தேய்ந்த பின்னர் அதன்மேல் படிந்தது; அதுவே இன்றைய பொருளில் தார்வார். ஸ்மீத் பார்த்த ஊடுருவல்களும் மெய். ஃபுட் பார்த்த அடித்தளமும் மெய்.

இப்பிரிப்பினால் நம் தொடக்கக் கேள்விக்கு நேரடியான ஒரு பயன் கிடைத்தது. சிக்மகளூரை ஒட்டிய பாபாபுதன் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 290 கோடி ஆண்டுப் பழைமையானவை. அவற்றின் அடியில் குவார்ட்ஸ் கூழாங்கற்களாலான திரட்டுப் பாறை இருக்கிறது. அதனடியில் நைஸ். கூழாங்கற்கள் ஆற்றில் உருண்டவை. ஆறு ஓடக் கண்டம் வேண்டும். எனவே பாபாபுதன் குழம்பு ஏற்கெனவே இருந்த கண்டத்தின்மேல் வழிந்தது என்பதில் ஐயமில்லை. அது பசால்ட்தான், பழையதுதான், ஆயினும் பெருங்கடல் மேலோடு அன்று. வேதியியல் ஆய்வகத்துக்குச் செல்லாமலே, ஒரு கூழாங்கல் அடுக்கு இதைச் சொல்லிவிடுகிறது.

அடித்தளம் கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் என்ன செய்வது? கோலார் அத்தகைய இடம். இங்கு வேதியியல் வந்து சேர்கிறது.

1960-களில் கடல்தரைப் பரவலும் புவித்தட்டு இயக்கமும் ஏற்கப்பட்ட பின், இன்றைய பசால்ட்டுகளின் வேதியியல் அவை தோன்றிய இடத்துக்கேற்ப வேறுபடுவது தெளிவாயிற்று. நடுக்கடல் முகடு, தீவு வளைவு, கண்டப் பிளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பழம்பாறையிலும் அவ்வடையாளத்தைத் தேடலாம் என்ற எண்ணம் 1970-களில் பரவியது. இதில் முதல் இடர், பாறை பட்ட பாடு. கடல்நீரில் ஊறி, புதைந்து, வெந்த பசால்ட்டில் சோடியம், பொட்டாசியம், ருபிடியம் போன்றவை இடம்பெயர்ந்திருக்கும். அவற்றின் அளவு பாறையின் பிறப்பைச் சொல்லாது. டைட்டானியம், சிர்க்கோனியம், நியோபியம், தோரியம், அருமண் தனிமங்கள் ஆகியவை பெரும்பாலும் அசையாதவை. எனவே பிறப்புச் சான்றிதழை இவற்றில்தான் வாசிக்க வேண்டும்.

அருமண் தனிமங்களின் இயல்பை ஒரு வரியில் சொல்லலாம். புவியின் கவசப்பகுதி சிறிதளவு உருகும்போது லாந்தனம் போன்ற இலகு அருமண் தனிமங்கள் குழம்புக்குள் விரைந்து செல்லும். இட்டெர்பியம் போன்ற கன அருமண் தனிமங்கள் அத்தனை எளிதில் செல்லா. எனவே முன்பே ஒருமுறை உருகிக் குழம்பை இழந்த கவசத்தில் இலகு தனிமங்கள் குறைந்திருக்கும். அது மீண்டும் உருகித் தரும் பசால்ட்டிலும் அக்குறை தொடரும். இன்றைய நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டின் முத்திரை இதுவே.

கோலாரில் இம்முறையைக் கையாண்டவர்களுள் முதன்மையானவர் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. ராஜாமணி. அமெரிக்காவின் கில்பர்ட் ஹான்சன் உள்ளிட்டோருடன் 1985-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கோலார் ஆம்பிபொலைட்டுகளுள் சில கோமாட்டியைட் வகையைச் சேர்ந்தவை எனக் காட்டியது. கோமாட்டியைட் என்பது தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றின் பெயரால் 1969-இல் பெயர்பெற்ற எரிமலைப் பாறை. அதில் மக்னீசியம் ஆக்சைடு 18 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கடல்தரைப் பசால்ட்டில் இது 7 அல்லது 8 விழுக்காடு அளவே. அத்தகைய குழம்பு தோன்ற, இன்றைய பசால்ட் குழம்பினும் பல நூறு பாகை கூடுதல் வெப்பம் வேண்டும். புவியின் உட்பகுதி அன்று எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு இதனினும் நேரான சான்று அரிது.

கோலார் முடிவுகளில் வியப்பளித்தது மற்றொன்று. சில கி.மீ. அகலமே உள்ள அப்பட்டையின் மேற்குப் பகுதிப் பாறைகளில் இலகு அருமண் தனிமங்கள் குறைவு. கிழக்குப் பகுதிப் பாறைகளில் மிகுதி. இரண்டும் ஒரே கவச மூலத்திலிருந்து வந்திருக்க இயலாது. ஈயம், நியோடிமியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளும் அதையே உறுதி செய்தன. பின்னர் பட்டையின் இருபுறமும் உள்ள நைஸ்களின் சிர்க்கான் மணிகளைக் காலக்கணிப்பு செய்தனர். மேற்கு நைஸ்கள் ஏறத்தாழ 263 கோடி முதல் 255 கோடி ஆண்டுகள். அவற்றுக்குள் 320 கோடி ஆண்டினும் மூத்த மேலோட்டின் தடயமும் உண்டு. கிழக்கு நைஸ் ஏறத்தாழ 253 கோடி ஆண்டு. அதில் பழைய மேலோட்டின் சாயலே இல்லை. இவ்வாறு வேறு வேறு வரலாறு கொண்ட நிலங்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒன்றாயின என்றும், இடையே இருந்த கடல்தரை நசுங்கியதன் தையல்தழும்பே கோலார்ப் பட்டை என்றும் ஓர் ஆய்வுக் கட்டுரை 1989-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே புவித்தட்டு இயக்கம் நடந்தது என்ற துணிவான கூற்றை உலக அரங்கில் வைத்த தொடக்கக்கால ஆய்வுகளுள் இது ஒன்று.

இவ்விடத்தில் மற்றொரு வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். இப்பாறை ஆய்வகப் பொருளாவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மக்களின் வாழ்வாதாரமாயிருந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் கோலார் தங்க வயலில் காலூன்றியபின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பெருந்திரளாகச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவர்கள் துளையிட்டு, வெடிவைத்து, தோளில் சுமந்த கருங்கல் இந்தப் பழம்பசால்ட்டே. பொன் தாங்கிய குவார்ட்ஸ் நரம்புகள் அதனூடேதான் ஓடுகின்றன. 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதும் அவை வெள்ளத்தில் மூழ்கின. மனிதக் கைகள் திறந்து வைத்த அவ்வளவு ஆழமான ஒரு பாறைக் குறுக்குவெட்டு இன்று எந்த மாணவருக்கும் எட்டாது. தார்வார் நிலவியலின் வரலாற்றை எழுதுவோர், அப்பாறையை வெளிக்கொணர்ந்தவர்களை ஓர் அடிக்குறிப்பில்கூடக் குறிப்பிடுவதில்லை என்பதும் பதிவு செய்யத் தக்கது.

1989-க்குப் பின் விவாதம் முடிந்துவிட்டதா? இல்லை. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் மணிக்கியாம்பா குழுவினர் 2005-இல், கிழக்குத் தார்வாரின் கத்வால் பட்டையில் போனினைட் போன்ற பாறைகளைக் கண்டதாக வெளியிட்டனர். போனினைட் என்பது ஜப்பானின் போனின் தீவுகளால் பெயர்பெற்றது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களுக்கே பெரிதும் உரியது. இது தட்டியக்கத் தரப்புக்கு வலுச் சேர்த்தது. மறுபுறம், ஷார்தோன், ஷுக்ரூன், ஜெயானந்தா முதலியோர் 1990-களில் மேற்குத் தார்வாரின் மடிப்பு அமைப்புகளை ஆராய்ந்து வேறொரு படத்தை வரைந்தனர். எடைமிகுந்த பசால்ட் அடுக்கு, சூட்டில் இளகிய நைஸுக்குள் தானே அமிழ, நைஸ் குமிழ்போல் மேலெழுந்தது என்பது அவர்கள் வாசிப்பு. அங்கே தட்டுகளின் கிடைமட்ட மோதலைவிட மேல்கீழ் இயக்கமே முதன்மை பெறுகிறது. கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத்தூணைக் கொண்டு கிழக்குத் தார்வாரை விளக்குவோரும் உளர்.

வேதியியல் சான்று இவ்வளவு இருந்தும் ஏன் ஒருமித்த முடிவு இல்லை? காரணத்தை நியோபியத்தில் காணலாம். தட்டு அமிழும் மண்டலத்தில் எழும் பசால்ட்டில் தோரியத்தையும் லாந்தனத்தையும் நோக்க நியோபியம் குறைந்திருக்கும். அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர்மங்கள் பல தனிமங்களைச் சுமந்து செல்ல, நியோபியம் தட்டிலேயே தங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே நியோபியக் குறைவு அமிழ்தலின் முத்திரை என்கிறோம். கண்ட மேலோட்டிலும் இதே நியோபியக் குறைவு உண்டு. நைஸைத் துளைத்து மேலேறும் ஒரு பசால்ட் குழம்பு, வழியில் சிறிது நைஸைக் கரைத்து விழுங்கினால், அமிழ்தல் மண்டலத்தை ஒருபோதும் காணாமலே அம்முத்திரையைப் பெற்றுவிடும். ஒரே வேதியியல் வரைபடம் இரு பிறப்புகளுக்கும் இடமளிக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய நியோடிமியம் உதவும். சமாரியம்-147 மிக மெல்லச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அதன் அரையாயுள் ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள். நெடுங்காலம் கண்டமாய்க் கிடந்த பாறையில் சமாரியத்தின் பங்கு குறைவாதலால், அதில் நியோடிமியம்-143 மெதுவாகவே பெருகும். அத்தகைய பாறையை விழுங்கிய பசால்ட்டின் தொடக்க விகிதம் கவசத்தின் விகிதத்திலிருந்து இறங்கிக் காணப்படும். ஆனால் விழுங்கப்பட்ட கண்டமும் அப்போதுதான் தோன்றியது எனில், இச்சோதனையும் பிடிகொடுக்காது. கிழக்குத் தார்வாரில் பழைய மேலோட்டின் பங்கு பல இடங்களில் குறைவு. எனவே அங்கே சிக்கல் மீண்டும் களத்துக்கே திரும்புகிறது. அடியில் என்ன இருக்கிறது? தொடர்பு எப்படிப்பட்டது? படிந்ததா, வெட்டப்பட்டதா, உராய்ந்து நகர்ந்ததா? ஃபுட்டும் ஸ்மீத்தும் கேட்ட கேள்விகளே இவை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நாம் ஒப்பிடும் அளவுகோல் இன்றைய கடல். இன்றைய முகடுகளும் வளைவுகளும் தரும் வேதியியல் எல்லைகளை, கவசம் மேலும் சூடாயிருந்த ஒரு புவிக்கு அப்படியே பொருத்துகிறோம். கோமாட்டியைட்டைக் கக்கிய புவியில் நடுக்கடல் முகட்டுக் குழம்பு இன்றையதைப் போன்றே இருந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி ‘தீவு வளைவு’ என்ற கட்டத்துக்குள் விழுந்தால், அது இன்றைய தீவு வளைவுப் பாறையை ஒத்திருக்கிறது என்றுதான் பொருள். அங்கே பிறந்தது என்பது அடுத்த வாதம்.

மூன்று தலைமுறைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுமை தென்படுகிறது. ஃபுட்டுக்கு அடித்தளம், ஸ்மீத்துக்கு ஊடுருவல், நம் காலத்தவருக்கு நியோபியம் என ஒவ்வொரு காலமும் தனக்குக் கிட்டிய ஒரு சான்றைக் கண்டு வியந்து, அதைத் தார்வார் முழுமைக்கும் நீட்டியது. முன்னேற்றம் நேர்ந்த ஒவ்வொரு முறையும், அந்நீட்டிப்பை யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட பட்டையில், ஒரு குறிப்பிட்ட அடுக்கில் நிறுத்திச் சோதித்தார். இன்றைக்குச் சொல்லத்தக்கது இவ்வளவே: பாபாபுதன் கண்டத்தின்மேல் வழிந்த குழம்பு, கோலார் இரு நிலங்களின் சந்திப்பு எனக் கருத வலுவான காரணங்கள் உள்ள பட்டை, மரடிஹள்ளி நீருக்கடியில் உறைந்தது என்பது உறுதி, எத்தகைய தரையின்மேல் என்பது விவாதத்துக்குரியது. ஒரே நிறமும் ஒரே பெயரும் கொண்ட மூன்று பாறைகளுக்கு மூன்று வெவ்வேறு விடைகள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூரில் இருப்போர் ஒரு காலைப்பொழுதில் லால்பாக் நைஸையும், ஒரு முழுநாள் பயணத்தில் மரடிஹள்ளியையும் கண்டு வரலாம். நினைவுச்சின்னப் பாறையில் சுத்தியல் படவேண்டாம். தலையணைகளின் வால் எப்பக்கம் இறங்குகிறது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் கண்ணாடித் தோலின் தடம் எஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். அடுக்கின் அடிப்பகுதி எங்கே மறைகிறது என்று நடந்து பாருங்கள். பகுப்பாய்வுக் கருவி தரும் எண்களை அதன்பின் கையிலெடுங்கள். அந்த எண்கள் எந்தக் கேள்விக்கு விடை, எந்தக் கேள்விக்கு விடையன்று என்பது அப்போது தெளிவாகும்.